சோதனைத் துண்டு

மனைவியின் முகத்தில் பரு மறைந்தபோதே உலைக்காரனுக்குப் பயம் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. மூஞ்சி தெளிஞ்சு பழைய மாதிரி ஆயிட்டாளே என்று சந்தோஷப்பட்டுத் தொலைத்தான். ஸ்கேனில் கட்டி மறுபடி வளர்ந்திருக்கிறது என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் அந்தப் பரு அவன் மண்டைக்குள் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

பருவுக்கு ஒரு கதை உண்டு. அவனுக்கு இரும்பு வார்க்கும் பட்டறையில் உலை வேலை. அவளும் கல்யாணமான நாளிலிருந்து அதே பட்டறையில் அச்சுமண் சலித்தவள். பீடி, சிகரெட் என்று எதையும் தொட்டதில்லை. அப்படிப்பட்டவளுக்கு நுரையீரலில் கட்டி என்றபோது வீடே இடிந்து உட்கார்ந்தது. அதிலும் ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது என்றார் டாக்டரம்மா. அவள் கட்டியின் மரபணுவில் ஒரு கோளாறு இருக்கிறதாம், அந்தக் கோளாறைக் குறிவைத்து அடிக்கிற மாத்திரை இருக்கிறதாம். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, அவ்வளவுதான். மாத்திரை தொடங்கிக் கொஞ்ச நாளில் அவள் முகம், கழுத்து, நெஞ்சு எல்லாம் சிவப்புச் சிவப்பாகப் பரு கிளம்பியது. கண்ணாடியைப் பார்த்து அழுதாள். அழுகையை நிறுத்தியவர் ஆஸ்பத்திரியில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த தையல்காரர்.

"எதுக்கும்மா அழறே? பரு வந்தா மாத்திரை பிடிச்சிருக்குன்னு அர்த்தம். என் மூஞ்சியப் பாரு, ஜல்லி கொட்டின ரோடு மாதிரி இருக்கு. என் பொண்டாட்டி இதுக்குத் திருஷ்டி சுத்திப் போடறா!"

அவருக்கும் அதே வியாதி, அதே மாத்திரை. அந்தக் கூடத்தில் டாக்டரம்மா சொல்லுக்கு அடுத்தபடி அவர் சொல்தான் எடுபடும். அங்கே காத்திருக்கிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வதே பரு எண்ணத்தான். பரு நிறைய உள்ளவன் ராஜா. உலைக்காரன் மனைவி அன்றைக்கு ராணி. இருமல் நின்றது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடி ஏறினாள். ஒரு வருஷத்துக்கு மேல் நன்றாகவே ஓடியது.

இப்போது ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு டாக்டரம்மா முதலில் கேட்ட கேள்வி இதுதான்.

"மாத்திரை விடாம போட்டீங்களாம்மா?"

"ஒரு நாள்கூட விடல டாக்டர்" என்றாள் அவள்.

"சரி. கட்டி சில சமயம் மருந்துக்குத் தப்பிக்கக் கத்துக்கும். மாத்திரை போய் உட்கார்ற இடத்தையே மாத்திக்கும். அப்படி மாறியிருந்தா அதுக்குன்னு ஒரு அடையாளம் இருக்கும், ரத்தத்துல தேடிப் பாக்கலாம். கெடைச்சா வேற மாத்திரை இருக்கு. ரிசல்ட் வர்ற வரைக்கும் இதையே போடுங்க."

அவர் சொன்னதில் உலைக்காரன் காதில் விழுந்தது முதல் கேள்வி மட்டும்தான். போட்டீங்களா? படித்தவர், ஒன்றும் இல்லாமலா கேட்பார்?

வெளியே வந்ததும் தையல்காரரிடம் போய் நின்றான். அவர் அவன் மனைவியின் முகத்தைத் துணியைப் பார்ப்பது போல மேலும் கீழும் பார்த்தார். அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரம் குரலைத் தாழ்த்தினார்.

"பரு போச்சுன்னா ரெண்டே காரணம்தான் தம்பி. ஒண்ணு, மாத்திரை டூப்பு. இல்லன்னா மாத்திரை வாய்க்குள்ள போகல. மூணாவது காரணம் இருந்தா நான் ஊசிய கீழ வெச்சிடறேன்."

பஸ்ஸில் அவள் அவன் தோளில் சாய்ந்து தூங்கினாள். அவன் விழித்துக்கொண்டே வந்தான். மாத்திரை வாங்கி வருகிறவன் அவள் தம்பி. ஆஸ்பத்திரிப் பக்கம் வேன் ஓட்டுகிறவன். மாசா மாசம் காலி அட்டைகளை அங்கே மருந்துக் கவுன்டரில் கொடுத்துவிட்டுப் புதுப் பெட்டி வாங்கி வருவான். முன்பு அட்டை ரோஸ் நிறத்தில் இருந்தது. நடுவில் வெள்ளையாக மாறியது. கேட்டதற்கு, "கம்பெனி மாறிடுச்சு மாமா, உள்ள சரக்கு ஒண்ணுதான்" என்றான். சரக்கு என்று சொன்னான். மருந்தை எவனாவது சரக்கு என்பானா? அட்டை வெள்ளையானதும் பரு மறைந்ததும் ஏறக்குறைய ஒரே சமயம். அந்தப் பயல் போன மாசம்தான் வேனுக்குப் புது டயர் போட்டான். ஒன்றோடொன்று கோத்துப் பார்க்கப் பார்க்க உலைக்காரனுக்கு எல்லாம் பொருந்திப் பொருந்தி வந்தது.

கண்ணால் பார்த்து எதையும் நம்புகிற தொழில் இல்லை அவனுடையது. உலையில் கொதிக்கிற இரும்பு பார்க்க எப்போதும் ஒரே மாதிரிதான் தகதகவென்று இருக்கும். அச்சில் ஊற்றுவதற்கு முன் ஒரு கரண்டி எடுத்து, சின்ன ஆப்பு போல ஒரு துண்டு வார்த்து, ஆறவிட்டு, சம்மட்டியால் ஒரே போடு. உடைந்த முகம் சாம்பலாக இருந்தால் நல்ல வார்ப்பு. வெள்ளையோடி இருந்தால் நாளைக்கு விரிசல் விடும். அந்தத் துண்டை உடைத்துப் பார்க்காமல் உலைக்காரன் யார் சொல்லையும் நம்பியதில்லை, முதலாளி சொல்லையும்கூட.

மறுநாள் காலை அவள் குளிக்கப் போனபோது அடுப்புக்கு மேல் பலகையில் இருந்த பெட்டியைத் திறந்தான். அடியில் இருந்த அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்தான். பாதியைக் கடித்துப் பார்த்தான். கசந்தது. கசப்பில் என்ன தெரியும், சுண்ணாம்பில்கூடக் கசப்பைக் கலக்கலாம். மீதியையும் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான். மருந்து உண்மை என்றால் பரு யாருக்கும் வரத்தானே வேண்டும்?

அன்றிலிருந்து தினமும் ஒன்று. குளியலறையில் செம்புச் சத்தம் கேட்கிற நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

முதலில் கோளாறு செய்தது வயிறு. உலைக்கு முன்னால் நிற்கிறவன் கரண்டியை அடுத்தவன் கையில் திணித்துவிட்டு ஓடினான். திரும்பி வந்து நின்றான். மறுபடி ஓடினான்.

"என்னய்யா, உலை இங்க இருக்கு, நீ அங்கயே குடியிருக்கே?" என்றான் அச்சு போடுகிறவன். பட்டறையே சிரித்தது.

பிறகு மூக்கின் இரண்டு பக்கமும் அரித்தது. சிவந்தது. ஒரு வாரம் கழிந்து சவரம் செய்யப் போனவன் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து அசந்து நின்றான். அவளுக்கு வந்த அதே பரு, அதே இடம். நெஞ்சிலும் கிளம்பியிருந்தது. உலைச் சூடு பட்டதும் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது.

"வயசு திரும்புதுடா இவனுக்கு! அண்ணி, வீட்டுல பாத்து இருந்துக்கங்கன்னு யாராவது போய்ச் சொல்லுங்கப்பா!" என்று அச்சு போடுகிறவன் கத்தினான்.

உலைக்காரன் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டான். பட்டறையில் எல்லோரும் தூசிக்குக் கட்டுகிற துண்டுதான், வீட்டிலும் அவிழ்க்காமல் இருந்தான். கேட்டால் சளி என்றான். சளி என்று சொன்னதும் அவள் தள்ளியே படுத்தாள். தனக்குச் சளி தொற்றக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாரே என்றாள். அதுவும் நல்லதாகப் போயிற்று.

ஆக, மாத்திரை உண்மை. மைத்துனன் யோக்கியன். அப்படியானால்?

தையல்காரர் சொன்ன இரண்டில் ஒன்றுதான் மிச்சம். அவள் விழுங்குவதில்லை. ஏன் விழுங்க மாட்டாள்? முகம் அசிங்கமாக இருக்கிறது என்று அழுதவள்தானே. பரு போகட்டும் என்று மெல்ல விட்டுவிட்டாளோ? இல்லை, இந்தப் பிழைப்பே போதும் என்று முடிவு கட்டிவிட்டாளோ? இந்த இரண்டாவது நினைப்பு வந்ததும் அவனுக்கு உலைக்கு முன்னால் நிற்கும்போதே குளிரெடுத்தது.

தலையணை உறையைக் கழற்றி உதறினான். மாடத்துப் பூந்தொட்டி மண்ணைக் கிளறினான். சாக்கடை மூடியைத் தூக்கிப் பார்த்தான். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததும் சந்தேகமாகவே இருந்தது.

மறுநாளிலிருந்து அவள் மாத்திரை போடும்போது எதிரில் வந்து நின்றான்.

"என்ன இப்படி காவக்காரன் மாதிரி நிக்கறீங்க?"

"வாயத் திற."

"என்னது?"

"திறன்னா திற. நாக்கத் தூக்கு."

அவள் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். பிறகு வாயைத் திறந்தாள். அவன் விரலை விட்டுக் கன்னத்தின் உள்பக்கம் துழாவினான். கடைவாய்ப் பல் பக்கம் தேடினான். அவன் விரலில் இரும்புக் கறை எத்தனை தேய்த்தாலும் போகாது. அவளுக்குக் குமட்டியது. வாயைக் கொப்புளித்துவிட்டுப் போனாள். தினமும் இது நடந்தது. பேச்சு குறைந்தது. அவன் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை என்பதை அவள் கவனித்தாள். அவள் இருமலை அடக்குகிறாள் என்பதை அவன் கவனித்தான். ஒரே வீட்டுக்குள் இரண்டு போலீஸ்காரர்கள்.

மாசம் முடிய நிறைய நாள் இருக்கும்போதே பெட்டி காலி. அவள் தம்பியை அழைத்தாள். அவன் கவுன்டரில் கேட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தான்.

"அதுக்குள்ள எப்படித் தீரும்னு கேக்கறாங்கக்கா. முழுப் பெட்டிதான் குடுத்தோம், தேதி வராம குடுக்க முடியாதுன்னுட்டாங்க."

"முழுசா குடுத்தா முழுசா இருக்கணுமில்ல? வழியில எங்கயாவது பிரிச்சியாடா?"

"அக்கா!" என்று கத்தினான். "யாரைப் பாத்து என்ன கேக்கற? சின்ன வயசுல என்னைத் தூக்கி வளத்தவளுக்கு வர்ற மருந்துல கை வெப்பேனா? மாமா, நீங்களே சொல்லுங்க. நான் அப்படியாப்பட்ட ஆளா?"

உலைக்காரன் துண்டை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டான். வேர்த்துக் கொட்டியது. பரு அரித்தது. தன்னையறியாமல் கையைத் துண்டுக்குள் விட்டுச் சொறிந்தான்.

"அது என்ன மாமா மூஞ்சில?" என்றான் தம்பி.

அவள் திரும்பினாள். எழுந்து வந்து துண்டைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். மூக்கின் ஓரம், கன்னம், தாடை என்று பார்த்தாள். சட்டைப் பொத்தானைப் பிய்க்காத குறையாகக் கழற்றி நெஞ்சைப் பார்த்தாள். அந்தப் பருவைப் பற்றி அவளுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. மாசக்கணக்காகத் தன் தோலிலேயே சுமந்தவள்.

"யோவ், என் மாத்திரைய நீ தின்னியா?"

"டூப்பா இருக்குமோன்னு... சோதிச்சுப் பாக்கலாம்னு..."

"அப்ப என்னைத்தான் சந்தேகப்பட்டீங்களா மாமா?" என்றான் தம்பி.

"மாத்திரையத்தாண்டா சந்தேகப்பட்டேன்."

"பொய்" என்றாள் அவள். குரல் உயரவே இல்லை. "மாத்திரைய சந்தேகப்பட்டவன் இத்தனை நாளா என் வாய்க்குள்ள எதுக்கு விரலை விட்ட? முதல்ல அவன். அப்புறம் நான். வீட்டுல நாய் இருந்திருந்தா அதையும் கேட்டிருப்ப. கட்டிய மட்டும் ஒரு நாளும் சந்தேகப்படல, அது மட்டும்தான் உனக்கு யோக்கியன்."

அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனாள். தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு சொல்லாமல் கிளம்பினான்.

ரத்த ரிசல்ட்டுக்குப் போன நாளில் மூவரும் ஒரே வேனில் போனார்கள். அவள் முன்னால் தம்பி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். டாக்டரம்மா அறை வாசலில் அவள் நின்று, அவனைப் பார்க்காமலே சொன்னாள்.

"உள்ள நீயே சொல்லு. உனக்காக நான் பொய்யும் சொல்ல மாட்டேன். உன்னைக் காட்டியும் குடுக்க மாட்டேன்."

டாக்டரம்மா முகம் சரியில்லை.

"ரத்தத்துல அந்த அடையாளம் தெரியலம்மா. சாதாரணமா அடுத்து கட்டியிலேருந்தே ஊசி வழியா சின்னத் துண்டு எடுத்துப் பாப்போம். ஆனா கவுன்டர்ல ஒரு விஷயம் சொன்னாங்க. மாத்திரை பாதியிலேயே தீர்ந்துபோச்சுன்னு வந்து கேட்டீங்களாம். எங்க போச்சு? ஒரே நாள்ல ரெண்டு ரெண்டா போட்டீங்களா? யாருக்காவது குடுத்தீங்களா?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"நீங்க உண்மையைச் சொன்னாத்தான் நான் எதுவும் செய்ய முடியும். மாத்திரையை ஒழுங்கா போடாம கட்டி வளந்திருந்தா, அது மருந்துக்குத் தப்பிச்சதா அர்த்தமில்ல. அந்த நெலமையில நுரையீரல்ல ஊசி குத்த மாட்டேன், அது சும்மா வெளையாட்டு இல்ல, காத்து எறங்கி நுரையீரல் சுருங்கிடலாம். இதே மாத்திரையை இன்னும் ரெண்டு மூணு மாசம் ஒழுங்கா போட்டுட்டு வாங்க, அப்புறம் பாக்கலாம்னுதான் சொல்லுவேன்."

ரெண்டு மூணு மாசம். படத்தில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்த கட்டியை உலைக்காரன் பார்த்தான். அது அவ்வளவு நாள் சும்மா இருக்குமா? பக்கத்தில் அவள் மூச்சு உள்ளே போகும்போது விசில் அடித்தது. அவள் இப்போதும் சொல்லவில்லை. திட்டினாலும் பரவாயில்லை என்றிருந்தது அவனுக்கு.

அவன் துண்டை அவிழ்த்தான்.

டாக்டரம்மா அவன் முகத்தைப் பார்த்தார், பிறகு அவள் முகத்தை. மறுபடி அவன் முகத்தை. நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

"கடவுளே."

"பெட்டி தீர்ற வரைக்கும் அவ ஒரு நாளும் விடல டாக்டர். தின்னது நான். ஸ்கேன் எடுத்ததுக்கு அப்புறம்தான் ஆரம்பிச்சேன். மாத்திரை போலியான்னு பாக்க. அதனாலதான் சீக்கிரம் தீந்துச்சு. அவ மேல தப்பு இல்ல."

"என்னைக் கேட்டிருக்கலாமே?"

"உங்களையும்தான் நம்பல" என்றான். அவனுக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

தம்பி வாசலுக்கு வெளியிலிருந்து களுக்கென்று சிரித்துவிட்டான். டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்தது, சத்தம் போட்டார், ஈரல் கெட்டிருந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார், அவனுக்கும் ரத்தம் எடுக்க எழுதிக் கொடுத்தார். எழுதி முடித்ததும் கோபம் தீர்ந்தது.

"பரு போனதுதான் உங்களை இப்படி ஆட்டி வெச்சுதா? போகப் போக நெறைய பேருக்கு அது தானா கொறைஞ்சிடும். மருந்து அப்பவும் வேலை செய்யும். பரு உங்க தோலுக்கு என்ன ஆகுதுன்னு சொல்லும், கட்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு சொல்லாது. யாரு சொன்னது உங்களுக்கு இந்தக் கணக்கெல்லாம்?"

தையல்காரரைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை.

"அப்ப ரத்தத்துல இல்லைன்னா அந்த அடையாளம் இல்லைதானே டாக்டர்?"

"அப்படி இல்ல. கட்டி கொஞ்சம் உதிர்ந்து ரத்தத்துல கலந்தாத்தான் ரத்தத்துல தெரியும். உதிராம கெட்டியா உட்கார்ந்திருந்தா ரத்தத்தைப் பாத்து என்ன சொல்ல முடியும்? கட்டியிலேருந்தேதான் எடுக்கணும்."

இது அவனுக்குப் புரிந்தது. புரிந்ததும் வெட்கமாகப் போய்விட்டது. எந்த உலையில் சந்தேகமோ அந்த உலையிலிருந்துதான் துண்டு வார்க்க வேண்டும். அவன் பக்கத்துப் பட்டறை இரும்பை எடுத்து உடைத்துப் பார்த்திருக்கிறான். பக்கத்துப் பட்டறை என்பது அவன் உடம்பு.

ஊசி குத்துகிற நாளில் அவளைப் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு சாத்தியது. அவனும் மைத்துனனும் ஒரே பெஞ்சில், நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். மைத்துனன் இரண்டு டீ வாங்கி வந்தான். ஒன்றை அந்த நடு இடத்தில் வைத்தான்.

"மாமா. ஒண்ணு கேக்கறேன். என்னைத் திருடன்னே முடிவு பண்ணிட்டீங்க இல்ல?"

"ஆமா."

"டயரு கடன்ல போட்டது."

"அந்த டயரையும் கணக்குல சேத்தேன்."

"இப்ப?"

"இப்ப இல்லடா."

"நாளைக்கு அட்டை மஞ்சக் கலர்ல வந்தா?"

உலைக்காரன் டீயைக் குடித்தான். பதில் சொல்லியிருந்தால் பொய்யாக இருந்திருக்கும். மைத்துனனுக்கும் அது தெரிந்தது போல, அதற்கு மேல் கேட்கவில்லை.

நுரையீரல் சுருங்கவில்லை. குத்தின இடத்தில் வலி மட்டும் கொஞ்ச நாள் இருந்தது. துண்டின் ரிசல்ட் வந்தபோது டாக்டரம்மா அவர்கள் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

"இருக்கும்மா. தேடின அடையாளம் இருக்கு. டி எழுநூத்தித் தொண்ணூறு எம்."

உலைக்காரன் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். இரும்புத் தரத்துக்குப் போடுகிற முத்திரை எண் போல இருந்தது. மாத்திரை போலி இல்லை. மைத்துனன் கை வைக்கவில்லை. பெண்டாட்டி துப்பவில்லை. அவள் விழுங்கிய ஒவ்வொரு மாத்திரையும் உள்ளே போய்க் கதவைத் தட்டியிருக்கிறது. உள்ளே இருந்தவன் பூட்டை மாற்றிவிட்டிருக்கிறான். வியாதி மேல் சந்தேகப்பட அவனுக்கு ஒருநாளும் தோன்றவில்லை, அவள் அன்றைக்குச் சொன்னது போலவே.

"இதுக்கு வேற மாத்திரை எழுதறேன். மாறின இடத்துலயும் போய் உட்காரும். ஆனா இதுக்கும் கட்டி ஒரு நாள் வழி கண்டுபிடிக்கும். எவ்வளவு நாள்னு கேக்காதீங்க, எனக்குத் தெரியாது. அந்த நாள் வர்ற வரைக்கும் நல்லா இருக்கலாம்."

"பரு வருமா டாக்டர்?" என்று அவன் கேட்டான்.

"இதுக்கு அவ்வளவா வராது."

அவள் முகம் மலர்ந்தது. அவன் முகம் தொங்கியது. பருவும் வராது என்றால் உள்ளே வேலை நடக்கிறதா இல்லையா என்று அவன் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வான்? அடுத்த ஸ்கேன் வரைக்கும் வெறுமனே நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா? அந்த வேலை அவன் பழகாத வேலை.

புதுப் பெட்டியை மைத்துனன் கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்தான், மாமா பக்கம் திரும்பாமல். அட்டையின் நிறம் என்ன என்று உலைக்காரனின் கண் தானாகப் போனது. இழுத்துக்கொண்டான். அவள் பெட்டியைத் தன் துணி டிரங்கில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தாலிக் கயிற்றில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் காலை அவன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். முகத்தில் பரு காய்ந்து கறுத்துத் தழும்பாகிக்கொண்டிருந்தது. அவள் டிரங்கைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்து விழுங்கித் தண்ணீர் குடித்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பார்க்கக் கூடாது என்று கழுத்தை இறுக்கி வைத்திருந்தான். வாயைத் திறந்து காட்டு என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

டிரங்கைப் பூட்டிவிட்டு அவள் அவன் எதிரில் வந்து நின்றாள்.

"வாயத் திற."

"ஏய், என்ன..."

"திறன்னா திற. நாக்கத் தூக்கு."

அவன் திறந்தான். நாக்கைத் தூக்கினான். அவள் மண் சலித்துச் சலித்துக் காய்த்துப்போன விரலை உள்ளே விட்டாள். கன்னத்தின் உள்பக்கம், கடைவாய், மேலண்ணம் என்று ஒரு மூலை விடாமல் தடவினாள். அவனுக்குக் குமட்டியது, கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் அவசரப்படவில்லை.

"சரி, போ" என்றாள். விரலை அவன் தோள் துண்டில் துடைத்தாள். "நாளைக்கும் பாப்பேன்."

அவன் வாயை மூடிக்கொண்டு படியிறங்கினான். மேலே மாடத்தில் அவள் இருமவில்லை. கொஞ்ச நேரம் கீழேயே நின்று காது கொடுத்துக் கேட்டான். இருமவில்லையா, அடக்குகிறாளா என்று தெரியவில்லை. பட்டறைச் சங்கு ஊதியது. போனான்.